அமெரிக்காவின் தென் மாநிலங்களில் திவால் மனுக்கள் ஏன் அதிகம்?

நீங்கள் கேட்டிருப்பது இது: கிரெடிட் கார்டு கடன் கழுத்தை நெரிக்கிறது. நியூ ஜெர்சியிலிருந்து அட்லாண்டாவுக்கு வேலை மாறிப் போகிறீர்கள். ஜார்ஜியா, அலபாமா, டென்னசி பக்கம்தான் தனிநபர் திவால் மனுக்கள் அதிகம் என்று ஒரு வரைபடத்தில் பார்த்திருக்கிறீர்கள். அங்கே மக்கள் அவ்வளவு கடன் வாங்குகிறார்களா, அங்கே போனால் எனக்கு ஏதாவது பாதகமா என்று கேட்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. ஒன்று, மாநிலத்துக்கு மாநிலம் ஏன் இத்தனை வித்தியாசம். மற்றது, கடனோடு மாநிலம் மாறுகிறவருக்கு அந்த வித்தியாசம் என்ன செய்யும். நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது இரண்டாவதை என்று நினைக்கிறேன். ஆனால் முதலாவது புரியாமல் அது புரியாது.

நான் வழக்கறிஞர் இல்லை. தனிநபர் திவால் வழக்குகளை எடுத்து நடத்தும் அலுவலகங்களில் பல வருடங்கள் மனு தயாரிக்கும் வேலை செய்திருக்கிறேன். சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு, கடன் பட்டியல் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டு ஒரு குடும்பத்தின் நிலையைப் படிவங்களில் எழுதுவது என் வேலை. அதனால் பொதுவாக எப்படி நடக்கிறது என்று சொல்ல முடியும். உங்கள் வழக்கில் என்ன செய்யலாம் என்பதை உங்கள் காகிதங்களைப் பார்த்த ஒரு வழக்கறிஞர்தான் சொல்ல வேண்டும்.

முதலில், மனு என்று ஒரே பெயரில் எண்ணப்படுபவை இரண்டு வேறு வேறு காரியங்கள். சாப்டர் என்பது திவால் சட்டத்தின் ஓர் அத்தியாயம். சாப்டர் 7 மனு போட்டால், விலக்கு வரம்புக்கு (மனு போட்டவர் தன்னிடமே வைத்துக்கொள்ளச் சட்டம் விடும் சொத்தின் அளவு) மேல் ஏதாவது சொத்து இருந்தால், வழக்கை நிர்வகிக்க நியமிக்கப்படும் டிரஸ்டி அதை விற்றுக் கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துக் கொடுப்பார். பெரும்பாலான குடும்பங்களிடம் அப்படி எதுவும் இருப்பதில்லை. நான்கு மாதம் போல ஆகும், கார்டு கடனும் மருத்துவக் கடனும் தீர்ந்துவிடும். சாப்டர் 13 என்பது மூன்று முதல் ஐந்து வருடம் மாதாமாதம் டிரஸ்டியிடம் பணம் கட்டி, கடைசியில் மீதியிலிருந்து விடுதலை பெறுவது. நாடு முழுவதும் சேர்த்துப் பார்த்தால் சாப்டர் 7 தான் அதிகம். கலிபோர்னியாவில் மிகப் பெரும்பாலானவை அதுதான். தெற்கே போகப் போக விகிதம் தலைகீழாகிறது. மெம்பிஸ் நகரம் இருக்கும் மேற்கு டென்னசி நீதிமன்ற மாவட்டம் மக்கள்தொகைக்கு மனு விகிதத்தில் நாட்டின் உச்சியில் பல காலமாக இருந்துவருகிறது, அங்கே சாப்டர் 13 தான் பெரும்பான்மை. ஆகவே ஒரு மாநிலத்தில் மனு அதிகம் என்று யாராவது சொன்னால், எந்த சாப்டர் என்று திருப்பிக் கேளுங்கள். அதைச் சொல்லாத வரைபடத்தை வைத்து எந்த முடிவுக்கும் வர முடியாது.

திவால் சட்டம் மத்திய அரசின் சட்டம். நாடெங்கும் ஒரே சீரான திவால் சட்டம் இயற்றும் அதிகாரத்தை அமெரிக்க அரசியல் சட்டமே காங்கிரஸுக்குக் கொடுத்திருக்கிறது. இப்போதைய சட்டம் 1978-ல் வந்தது. ஆனால் ஒருவரை திவால் நீதிமன்றத்துக்குத் துரத்துவது கடன் வசூல், அது மாநிலச் சட்டம். இங்கேதான் எல்லா வித்தியாசமும் தொடங்குகிறது. கடன் கொடுத்தவர் வழக்குப் போட்டு ஜெயித்துவிட்டால் உங்கள் சம்பளத்திலிருந்து நேராகப் பிடித்தம் செய்யலாமா? மத்திய சட்டம் உச்சவரம்பு மட்டும் சொல்கிறது: சாதாரணக் கடனுக்குக் கையில் வரும் சம்பளத்தில் 25 சதவீதம். அதற்குக் கீழே மாநிலம் எதையும் வைத்துக்கொள்ளலாம். டெக்சஸ், பென்சில்வேனியா, வட கரோலினா, தென் கரோலினா நான்கிலும் கார்டு கடன் போன்றவற்றுக்குச் சம்பளத்தில் கை வைக்கவே பொதுவாக முடியாது. நியூ ஜெர்சியில் வருமானம் குறைந்தவருக்கு 10 சதவீதம்தான். ஜார்ஜியா மத்திய வரம்பான 25 வரை போகிறது. இரண்டு வாரச் சம்பளத்தில் கால்வாசி திடீரென்று காணாமல் போனால் அடுத்த மாத வாடகை நிற்கும். எங்கள் அலுவலகங்களுக்கு வந்தவர்களில் பலரும் கையில் பிடித்தம் வந்த சம்பளச் சீட்டோடுதான் வந்தார்கள். அதே கடன், அதே வருமானம், டெக்சஸில் இருந்திருந்தால் அன்றைக்கு வந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக் கதையும் இப்படித்தான். நியூ ஜெர்சியில் வங்கி வீட்டை எடுக்க வேண்டுமானால் நீதிமன்றம் போயாக வேண்டும், வருடக்கணக்கில் இழுக்கும். ஜார்ஜியாவில் நீதிமன்றமே தேவையில்லை. 30 நாள் முன்னறிவிப்பு, செய்தித்தாளில் நான்கு வாரம் விளம்பரம், அப்புறம் மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை கவுன்டி நீதிமன்ற வாசலில் ஏலம். அந்த ஏலத்தை உடனே நிறுத்தி, பாக்கித் தவணைகளை ஐந்து வருடம் வரை பிரித்துக் கட்ட அவகாசம் தருவது சாப்டர் 13 தான். மனு பதிவான அந்த நிமிடமே தடை அமலுக்கு வந்துவிடும். அதனால் முதல் செவ்வாய்க்கு முந்திய சில நாட்கள் அங்குள்ள திவால் வழக்கறிஞர்களுக்கு ஓய்வில்லாத நாட்கள். கார் இன்னொரு காரணம். பஸ், ரயில் சரியாக இல்லாத ஊரில் கார் போனால் வேலை போகும். கூடுதல் வட்டிக் கார் கடனும், கார் உரிமைப் பத்திரத்தை அடகு வைக்கும் கடனும் தெற்கில் நன்றாக வேரூன்றியவை. சாப்டர் 7 கார்டு கடனைத் தீர்க்கும்; தவணை தவறிய காரை அதனால் காப்பாற்றித் தர முடியாது. அதற்குப் பலர் சாப்டர் 13 தேடி வருகிறார்கள்.

இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்தது, நான் நேரில் பார்த்ததும் ஆய்வாளர்கள் எழுதியதும் ஒத்துப்போகிற விஷயம்: வழக்கறிஞர் கட்டணம். சாப்டர் 7-க்கான கட்டணம், பொதுவாக 1,000 டாலருக்கு மேல், மனு போடும் முன்பே கொடுக்க வேண்டும். பிறகு பாக்கி வைத்தால் அந்தப் பாக்கியும் மற்றக் கடன்களோடு தீர்ந்துபோகும் என்பதால் வழக்கறிஞர்கள் முன்பணம் கேட்கிறார்கள். சாப்டர் 13 கட்டணம் அதைப்போலப் பல மடங்கு. ஆனால் அதை மாதத் தவணைக்குள்ளேயே அடக்கிவிடலாம். 'முன்பணம் ஒரு டாலர்கூட வேண்டாம்' என்று சில நகரங்களில் விளம்பரம் செய்கிறார்கள். கையில் காசில்லாதவர் எதைத் தேர்ந்தெடுப்பார்? குறைந்த செலவில் நான்கு மாதத்தில் முடிய வேண்டிய வழக்கு, முன்பணம் இல்லாத ஒரே காரணத்தால் அதிகச் செலவில் ஐந்து வருடம் ஓடும். இதை ஒவ்வொரு முறை பார்த்தபோதும் எனக்கு வயிறு எரிந்தது. வருமான வரி ரீஃபண்டு வரும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சாப்டர் 7 மனுக்கள் கூடுவதற்கும் இதுவே காரணம். ரீஃபண்டு பணம் நேராக வழக்கறிஞர் கட்டணமாகப் போகிறது.

எந்த சாப்டர் என்பது ஊர்ப் பழக்கமாகவும் ஆகிவிடுகிறது. தெரேசா சல்லிவன், எலிசபெத் வாரன், ஜே வெஸ்ட்புரூக் மூவரும் 1980-களிலிருந்து செய்த ஆய்வுகளில், பொருளாதார நிலைமை ஒன்றாக இருக்கும் பக்கத்துப் பக்கத்து மாவட்டங்களில்கூட சாப்டர் தேர்வு பெரிதும் மாறுவதையும், அது வருடக்கணக்கில் மாறாமல் நிலைப்பதையும் காட்டினார்கள். உள்ளூர் நீதிபதிகள், டிரஸ்டிகள், வழக்கறிஞர்கள் எதைச் சரியென்று நினைக்கிறார்களோ அதுவே வருகிறவர்களின் பாதையாகிறது. இதற்கு ஒரு பழைய வேர் உண்டு. 1930-களில் அலபாமாவின் பர்மிங்காமில் வாலன்டைன் நெஸ்பிட் என்ற திவால் நீதிமன்ற அதிகாரி, கூலிக்காரர்கள் சம்பளத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கடன் கட்டும் முறையைச் செய்துகாட்டினார். 1938-ன் சாண்ட்லர் சட்டத்தில் அந்த முறை நாடு முழுவதற்குமான சட்டமாயிற்று. இன்றைய சாப்டர் 13 அதன் வாரிசு. அலபாமாவிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும் இந்த வழி இன்னும் ஆழமாக ஊறியிருப்பதை அந்த வரலாற்றோடு சேர்த்துப் பார்க்கிறவர்கள் உண்டு. எனக்கும் அது பொருத்தமாகவே படுகிறது. ஆனால் எவ்வளவு பங்கு பழக்கம், எவ்வளவு பங்கு வசூல் சட்டம் என்று பிரித்து யாராலும் கணக்குச் சொல்ல முடியாது. இரண்டும் ஒரே ஊர்களில்தான் சேர்ந்து இருக்கின்றன.

இனத்தைச் சொல்லாமல் இந்த விஷயத்தை முடிக்க முடியாது. ஜீன் பிராச்சர், டோவ் கோஹன், ராபர்ட் லாலெஸ் 2012-ல் வெளியிட்ட ஆய்வில், மற்ற நிலைமைகளைச் சமன்செய்து பார்த்த பிறகும் கறுப்பினத்தவர் சாப்டர் 13-க்குப் போகும் வாய்ப்பு மற்றவர்களைப் போல ஏறத்தாழ இரு மடங்கு என்று கண்டார்கள். 2017-ல் புரோபப்ளிகா செய்தி நிறுவனம் மெம்பிஸையும் சிகாகோவையும் எடுத்துக்கொண்டு இதே விஷயத்தை விரிவாக எழுதியது. சிகாகோ தெற்கில் இல்லை, ஆனாலும் அங்கே சாப்டர் 13 எகிறியது; பார்க்கிங் அபராதம் கட்டாத வண்டிகளை நகராட்சி பறிமுதல் செய்ததும், வண்டியை மீட்க மக்கள் திவால் மனு போட்டதும் அதற்கு ஒரு பெரிய காரணம். அந்தச் சண்டை உச்ச நீதிமன்றம் வரை போய், மனுவுக்கு முன்பே பிடித்த வண்டியை நகராட்சி வெறுமனே கையில் வைத்திருப்பது சட்டத்தின் அந்தக் குறிப்பிட்ட தடைப் பிரிவை மீறுவதாகாது என்று 2021-ல் தீர்ப்பானது. ஒரு நகரத்தின் அபராதக் கொள்கை மட்டுமே திவால் எண்ணிக்கையை ஏற்றிவிட முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது. சாப்டர் 13-ல் சேர்கிறவர்களில் பெரும்பகுதியினர் கடைசி வரை தாக்குப்பிடிப்பதில்லை என்பதையும் இதோடு சேர்த்து நினையுங்கள். வழியில் தவணை தவறினால் வழக்குத் தள்ளுபடியாகும், கட்டிய பணம் போகும், கடன் திரும்பி வரும். அப்படித் தள்ளுபடியானவர் மறுபடி மனு போட்டால் அது இன்னொரு மனுவாகவே எண்ணிக்கையில் ஏறும். ஒரே குடும்பம் சில வருடங்களில் மூன்று மனுவாகத் தெரியலாம். தெற்கின் எண்கள் ஊதித் தெரிவதில் இதற்கும் பங்கு உண்டு.

காலப்போக்கில் என்ன நடந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2005 அக்டோபர் 17 முதல் சட்டம் கடுமையானது: வருமானச் சோதனை, மனுவுக்கு முன் கடன் ஆலோசனை வகுப்பு, இன்னும் பல. அதற்கு முன் முண்டியடித்துப் போட்டதில் அந்த வருடம் மட்டும் 20 லட்சத்துக்கு மேல் மனுக்கள். அடுத்த வருடம் 6 லட்சம் சொச்சம். வீட்டுச் சந்தை சரிந்த பிறகு 2010-ல் மறுபடி 16 லட்சத்தை நெருங்கியது, அப்போது நெவாடா உச்சத்தில் இருந்தது. கொரோனா காலத்தில் நிவாரணக் காசோலைகள், வீட்டு ஏலத் தடை, மாணவர் கடன் நிறுத்தம் எல்லாம் சேர்ந்து மனுக்களைக் கீழே இறக்கின. 2022-ல் சுமார் 3,88,000, 2023-ல் 4,53,000, 2024-ல் 5,17,000 என்று பிறகு ஏறிவருகிறது. இவற்றில் தொழில் நிறுவனங்களின் மனுக்கள் சிறு பங்கு மட்டுமே. ஏறுவதைப் பார்த்துப் பதற வேண்டாம், 2010-ன் அளவில் இது மூன்றில் ஒரு பங்குதான். அதே சமயம், மனு போடுகிறவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் கடனோடு போராடியவர்கள் என்று ஆய்வு சொல்கிறது. அதாவது இன்று எண்ணிக்கையில் தெரிவது அன்றைய கஷ்டம்.

இனி சந்தேகத்துக்குரியது. மருத்துவச் செலவுதான் அமெரிக்காவில் திவாலுக்கு முதல் காரணம் என்று எல்லோரும் சொல்கிறார்கள். மனு போட்டவர்களிடம் கேட்டு எழுதிய ஒரு புகழ்பெற்ற ஆய்வு, 2009-ல், 62 சதவீதம் என்றது. மருத்துவமனையில் சேர்ந்தவர்களைப் பின்தொடர்ந்து எத்தனை பேர் திவாலானார்கள் என்று பார்த்த 2018-ன் ஆய்வு, முதியோர் அல்லாதவர்களில் 4 சதவீத திவால்களுக்குத்தான் மருத்துவமனைச் சேர்க்கை காரணம் என்றது. இரண்டும் வேறு வேறு கேள்விக்கான பதில்கள். நோயால் வேலை போவதும், மருந்துச் செலவு கார்டில் ஏறுவதும் முதல் ஆய்வில் அடங்கும், இரண்டாவதில் முழுதாக அடங்காது. உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது என்பது என் கருத்து. வருமானம் குறைந்தவர்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடான மெடிகெய்டின் தகுதி விரிவானபோது திவால் குறைந்தது என்று நம்பத்தகுந்த ஆய்வு இருக்கிறது. ஜார்ஜியா, டென்னசி, அலபாமா, மிசிசிப்பி ஆகியவை இன்னும் அதை முழுதாக விரிவாக்காத மாநிலங்கள். ஆனால் டெக்சஸும் விரிவாக்கவில்லை, அங்கே மனு விகிதம் குறைவு. ஆகவே இதை மட்டும் பிடித்துக்கொண்டு தெற்கை விளக்கிவிட முடியாது.

எண்ணிக்கையில் வராத இன்னொரு உலகம் கடன் தீர்வு நிறுவனங்கள். கார்டுக்குக் கட்டுவதை நிறுத்துங்கள், எங்களிடம் சேர்த்து வையுங்கள், பாதித் தொகைக்குப் பேசி முடிக்கிறோம் என்பார்கள். நீதிமன்றப் பதிவே இல்லாததால் இவர்களிடம் போனவர்கள் எந்த வரைபடத்திலும் தெரிய மாட்டார்கள். தொலைபேசி வழியாக ஆள் பிடிப்பவர்கள் ஒரு கடனையாவது தீர்க்கும் முன் கட்டணம் வாங்கக் கூடாது என்று 2010-லேயே மத்திய வர்த்தக ஆணையம் விதி போட்டுவிட்டது. முன்பணம் கேட்டால் அங்கேயே வெளியே வந்துவிடுங்கள். சரியாக நடப்பவர்களிடம் போனாலும், நடுவில் கார்டு கம்பெனி வழக்குப் போடுவதை அவர்களால் தடுக்க முடியாது. தள்ளுபடியான தொகை வருமானமாகக் கருதப்பட்டு வரி வரலாம். திவாலில் தீரும் கடனுக்கு அந்த வரி கிடையாது. இதற்கு மாறாக, லாப நோக்கற்ற கடன் ஆலோசனை அமைப்புகள் வட்டியைக் குறைத்து நான்கைந்து வருடத்தில் முழு அசலையும் கட்டவைக்கும் திட்டம் தருகின்றன. நிலையான சம்பளமும் கார்டு கடன் மட்டுமே பிரச்சினையும் உள்ளவருக்கு அது நல்ல வழி.

சரி, உங்கள் விஷயத்துக்கு வருவோம். மாநிலம் மாறினால் மூன்று விஷயங்கள் மூன்று வேறு வேகத்தில் மாறும். வசூல் சட்டம் கிட்டத்தட்ட உடனே: ஜார்ஜியாவில் சம்பளம் வாங்கத் தொடங்கினால், அங்கே தீர்ப்பு வாங்கியவர் அல்லது நியூ ஜெர்சித் தீர்ப்பை அங்கே பதிவு செய்தவர் 25 சதவீதம் வரை பிடிக்கலாம். ஏதாவது வழக்கு ஏற்கெனவே உங்கள் மேல் இருந்தால், விலாசம் மாறிய சம்மன் கிடைக்காமல் ஒருதலைத் தீர்ப்பாகிவிடாதபடி முதலில் அதைப் பாருங்கள். எந்த நீதிமன்றத்தில் மனு போடுவது என்பது கடைசி 180 நாட்களில் அதிகம் எங்கே வசித்தீர்கள் என்பதைப் பொறுத்தது. சொத்து விலக்கு மிக மெதுவாக மாறும்: 730 நாள் ஒரே மாநிலத்தில் இருந்தால்தான் அதன் விலக்கு உங்களுக்கு, அதுவரை பொதுவாகப் பழைய மாநிலத்தின் கணக்குதான். ஃபுளோரிடா, டெக்சஸில் குடியிருக்கும் வீட்டுக்கான விலக்கில் மதிப்பு வரம்பே இல்லை என்று கேள்விப்பட்டு அங்கே ஓடிப்போய் வீடு வாங்குவதைத் தடுக்கவே இந்த விதி 2005-ல் வந்தது.

வருமானச் சோதனையைத்தான் நீங்கள் அதிகம் கவனிக்க வேண்டும். மனுவுக்கு முந்திய ஆறு மாதச் சராசரி வருமானத்தை மாநிலத்தின் இடைநிலை வருமானத்தோடு (பாதிக் குடும்பங்கள் இதற்கு மேல், பாதி கீழ்), குடும்ப அளவுக்கேற்ப, ஒப்பிடுவார்கள். நியூ ஜெர்சியின் இடைநிலை ஜார்ஜியாவைவிட உயரம். நியூ ஜெர்சியில் அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்த அதே சம்பளம் ஜார்ஜியாவில் கோட்டுக்கு மேலே போகலாம். மேலே போனாலே சாப்டர் 7 கிடையாது என்றில்லை, செலவுகளைக் கழித்துப் பார்க்கும் அடுத்த கட்டம் இருக்கிறது. ஆனால் சாப்டர் 13 போக நேர்ந்தால் ஐந்து வருடத் திட்டமாக அமைய வாய்ப்பு அதிகம். வேலை மாறும்போது போனஸ், இடமாற்றப் படி எல்லாம் இந்தச் சராசரியில் ஏறும். மனு போடத்தான் வேண்டும் என்றால், மாறுவதற்கு முன்பா பின்பா என்று ஒரு வழக்கறிஞரிடம் இப்போதே கேளுங்கள்.

நம்மவர்கள் மனுவுக்கு முன் செய்கிற சில காரியங்களைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். 401கே என்னும் ஓய்வுக்காலச் சேமிப்புப் பணம் திவாலில் பாதுகாப்பானது. அதை உடைத்துக் கார்டுக்குக் கட்டாதீர்கள். மைத்துனரிடம் வாங்கியதை மட்டும் மானத்துக்காக முதலில் திருப்பிக் கொடுத்தால், ஒரு வருடத்துக்குள் மனு போடும்போது அந்தப் பணத்தை டிரஸ்டி அவரிடமிருந்து திரும்பக் கேட்கலாம். ஊரில் உங்கள் பெயரில் மனை, பங்கு வீடு, வங்கி வைப்பு எது இருந்தாலும் எழுதியே ஆக வேண்டும். உலகத்தில் எங்கிருந்தாலும் அது கணக்கு. மறைத்தால் கடன் விடுதலை மறுக்கப்படலாம், குற்ற வழக்கும் வரலாம்.

அட்லாண்டாவில் திவால் வழக்கறிஞர்கள் நிறைய, முதல் சந்திப்புக்குப் பலர் பணம் வாங்குவதில்லை. இரண்டு பேரையாவது பாருங்கள். உங்களுக்குக் காப்பாற்ற வீடோ, பாக்கி நிற்கும் கார் தவணையோ இல்லாமல் கார்டு கடன் மட்டும் இருக்கும்போது ஒருவர் எடுத்த எடுப்பில் சாப்டர் 13 என்றால், சாப்டர் 7-க்கு எனக்கு ஏன் தகுதியில்லை, எண்ணோடு காட்டுங்கள் என்று கேளுங்கள். காட்ட முடியாதவரிடம் கையெழுத்துப் போடாதீர்கள்.